பெசன்ட் நகர் போகிறீர்களா? மதியம் மட்டும் வேண்டாம்

போன வருடம் மே மாதம் மதுரையிலிருந்து அண்ணன் குடும்பம் வந்திருந்தது. நான் சென்னைக்கு வந்து அப்போது எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, ஆனாலும் ஊரே தெரிந்தவன் மாதிரி ஒரு பாவனை. "பெசன்ட் நகர் கூட்டிட்டுப் போங்க தம்பி, எல்லாரும் அங்கேதான் போட்டோ எடுத்துப் போடறாங்க" என்று அண்ணி சொன்னதும், வாடகைக்கு ஒரு கார் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை நிதானமாகக் குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பி, பன்னிரண்டே காலுக்குப் போய் இறங்கினோம். கோயில் நடை சாத்தியிருந்தது. மணலில் கால் வைத்த சின்னவன் வீறிட்டு அழுதான். காரை நிறுத்த இடம் தேடி அரை மணி நேரம் சுற்றினோம். வெயில் தாங்காமல் ஒரு கஃபேக்குள் புகுந்து, ஐந்து பேருக்கு 2,140 ரூபாய் பில் கட்டினோம், பிள்ளைகள் கேக்கில் பாதியை வைத்துவிட்டார்கள். நாலரைக்கு எல்லோரும் களைத்துப்போய் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் எதிரே ஊரே கடற்கரைக்கு வந்துகொண்டிருந்தது.

அதற்கப்புறம் தனியாகவும் நண்பர்களோடும் பத்துத் தடவைக்கு மேல் போயாயிற்று. இந்த இடத்துக்கு ஒரு கடிகாரம் இருக்கிறது. விடியற்காலையிலிருந்து ஒன்பது மணி வரை ஒரு பெசன்ட் நகர், மாலை நாலரைக்கு மேல் இன்னொன்று. நடுவில் இருப்பது வெறும் வெயில். சென்னைக்குப் புதிதாக வந்தவர்களும், ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டியவர்களும் கீழே உள்ளபடி போனால் என் மாதிரி அல்லாட வேண்டியிருக்காது.

1. நாளை முதலில் முடிவு செய்யுங்கள்

வார நாளாக இருந்தால் நல்லது. செவ்வாய், புதன் எல்லாம் ராஜபோகம். ஞாயிறு மாலை போனால் கடலைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும். ஞாயிறு தவிர வேறு வழியில்லை என்றால் அதிகாலையில் போய்விட்டு ஒன்பதரைக்குள் கிளம்பிவிடுங்கள்.

மாதம் என்று பார்த்தால் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை சுகம். அக்டோபர், நவம்பரில் மழை எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாது, புயல் சின்னம் என்று செய்தி வந்தால் கடற்கரைப் பக்கமே போக வேண்டாம். ஏப்ரல், மே, ஜூனில் காலை எட்டுக்கே வியர்த்துவிடும்.

இரண்டு விஷயத்தை நாள்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி மாதா கோயில் திருவிழா. காவி உடுத்திய பக்தர்கள் எங்கெங்கிருந்தோ நடந்தே வருவார்கள், போக்குவரத்தைத் திருப்பி விடுவார்கள். திருவிழாவைப் பார்ப்பதற்கென்றே போகிறீர்கள் என்றால் அருமையான நேரம், அமைதியாகக் கடல் பார்க்க என்றால் சரிப்படாது. அதேபோல ஆடி வெள்ளிகளிலும் வரலட்சுமி விரதத்தன்றும் அஷ்டலட்சுமி கோயிலில் வரிசை நீளம்.

2. முகவரியைச் சரியாகப் போடுங்கள்

சிரிக்காதீர்கள், இதில் ஏமாந்தவர்கள் நிறைய. பெசன்ட் நகரில் தெருக்களுக்குப் பெயரே எண்தான். அவென்யூவுக்கு ஒரு எண் வரிசை, மெயின் ரோட்டுக்குத் தனி எண் வரிசை, குறுக்குத் தெருவுக்கு இன்னொரு எண் வரிசை. "நாலாவது தெரு" என்று யாராவது சொன்னால் நாலாவது எது என்று திருப்பிக் கேட்க வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் இந்திரா நகர், சாஸ்திரி நகர் இரண்டிலும் இதே மாதிரி அவென்யூக்கள். இதெல்லாம் போதாதென்று அண்ணா நகரிலும் இரண்டாவது அவென்யூ உண்டு, அது நகரத்தின் இன்னொரு கோடி. என் அறைத்தோழன் செயலியில் "இரண்டாவது அவென்யூ" என்று மட்டும் அடித்து முதலில் வந்ததை அழுத்திவிட்டு, வண்டி கோயம்பேடு பக்கம் திரும்பியபோதுதான் முழித்துக்கொண்டான். போனில் என்னிடம் "டேய், கடல் எந்தப் பக்கம்டா?" என்று கேட்டதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறோம்.

வழி எளிது. பின்கோடைப் பாருங்கள். பெசன்ட் நகர் 600090. அடையாறு 600020, திருவான்மியூர் 600041. அண்ணா நகர் 600040. ஆட்டோக்காரரிடம் எண் எதுவும் சொல்லாமல் அடையாளம் சொல்லுங்கள்: பஸ் ஸ்டாண்டு, மாதா கோயில், அஷ்டலட்சுமி கோயில். இந்த மூன்றையும் தெரியாத ஆட்டோக்காரர் அந்தப் பக்கம் கிடையாது.

3. கார் வேண்டாம்

பேருந்தில் போவதுதான் நிம்மதி. பெசன்ட் நகரில் பேருந்து நிலையமே இருக்கிறது, இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் மணல். 29சி எல்லோருக்கும் தெரிந்த வண்டி, பெரம்பூரிலிருந்து கிளம்பி ஜெமினி, மயிலாப்பூர், அடையாறு வழியாக வரும். சாதாரணக் கட்டணப் பேருந்தில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். முன்பக்கம் பிங்க் நிறம் அடித்த வண்டி என்றால் பெண்களுக்குக் கட்டணமே இல்லை, ஆனால் கண்டக்டரிடம் கட்டணமில்லாச் சீட்டைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டும். வெளியூர்ப் பெண்களுக்கும் இது பொருந்தும், அண்ணி கடைசிவரை நம்பவில்லை.

ரயிலில் வருகிறவர்கள் கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலைப் பிடித்துத் திருவான்மியூரில் இறங்கலாம். டிக்கெட் பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஒரு பொறி: "கடற்கரை" என்று பெயர் இருப்பதால் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கினால் எலியட்ஸ் கடற்கரைக்கு, அதாவது பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய்விடலாம் என்று நினைத்துவிடாதீர்கள், அது பாரிமுனைப் பக்கம். திருவான்மியூர் நிலையத்திலிருந்தும் கடல் நடக்கிற தூரமில்லை, ஷேர் ஆட்டோவோ ஆட்டோவோ வேண்டும்.

ஆட்டோவுக்கு அரசு 2013இல் வைத்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். அதைச் சொல்லி வாதாடிப் பிரயோசனம் இல்லை. செயலியில் என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டு அதற்குப் பத்து இருபது முன்பின்னாகப் பேசுங்கள். அடையாறு, எல்.பி. சாலை பக்கம் மெட்ரோ வேலை நடப்பதால் சாலை குறுகியும் திரும்பியும் போகும், மாலையில் அடையாறைத் தாண்டுவதற்கு மட்டும் கூடுதலாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

கார்தான் என்று அடம்பிடிப்பவர்களுக்கு: காலை ஆறுக்கு இடம் கிடைக்கும், மாலை ஐந்துக்குக் கிடைக்காது. குறுக்குத் தெருக்களில் வீட்டு வாசலை மறித்து நிறுத்தாதீர்கள், போலீஸ் பூட்டுப் போட்டுவிடும். கையில் பையோடு வந்து யாராவது பார்க்கிங் காசு கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது இல்லையென்றால் காசும் இல்லை.

4. பையில் என்னென்ன

ஆதாரோ ஓட்டுநர் உரிமமோ ஏதாவது ஓர் அசல் அடையாள அட்டை. கடற்கரைக்குத் தேவையில்லை, ஆனால் கீழே சொல்லப்போகிற ஒன்றிரண்டு இடங்களில் வாசலில் கேட்கலாம். வாடகை இருசக்கர வண்டி எடுப்பதாக இருந்தால் உரிமம் கட்டாயம், பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் வேண்டும். பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் கொஞ்சம்: எல்லாக் கடையிலும் கியூஆர் அட்டை தொங்கினாலும், கூட்ட நேரத்தில் நெட் படுத்துவிடும், சுண்டல்காரப் பாட்டியிடம் "பணம் போயிடுச்சு, உங்களுக்கு வரலையா?" என்று நின்றுகொண்டிருப்பது சங்கடம். தண்ணீர் பாட்டில், மாற்றுத் துணி, ஒரு பழைய துண்டு. செருப்பு எளிதாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கட்டும், ஷூ போட்டுக்கொண்டு வந்தால் நாள் முழுக்க மணல்தான்.

5. ஐந்தரைக்கு மணலில் இருங்கள்

இது கிழக்குக் கடற்கரை. சூரியன் கடலில் உதிக்கும், கட்டடங்களுக்குப் பின்னால் மறையும். "சன்செட் பார்க்கலாம்" என்று மாலையில் கிளம்பி வருகிறவர்களைப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். ஜூனில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் உதித்துவிடும், ஜனவரியில் ஆறரை ஆகும்.

அந்த நேரத்தில் கடற்கரைச் சாலை நடப்பவர்கள், ஓடுபவர்கள், சைக்கிள்காரர்கள், நாயைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள், சிரிப்புப் பயிற்சி செய்யும் தாத்தாக்கள் என்று நிறைந்திருக்கும். மணலில் வெள்ளையாக ஒரு வளைவு நிற்கும், கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம். 1930இல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க்காரருக்காகக் கட்டியது. எல்லோரும் அதன் கீழே நின்று படம் எடுக்கிறார்கள், எதற்காக நிற்கிறது என்று தெரிந்துகொண்டு எடுங்கள். கடலில் குளிக்க வேண்டாம் என்று நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை, அந்தச் சின்னமே சொல்கிறது. முட்டிக்கு மேல் தண்ணீரில் இறங்கினால் கரையிலிருந்து விசில் வரும். அலை திரும்பும்போது கீழே இழுக்கிற இழுப்பு இங்கே மோசம், ஆள் நின்ற இடத்து மணலே காலடியிலிருந்து நழுவும்.

அங்கிருந்து வடக்கே நடந்தால் ஊரூர் ஆல்காட் குப்பம். படகு திரும்பும் நேரம் போனால் வலையிலிருந்து மீனை ஒவ்வொன்றாகக் கழற்றுவதைப் பார்க்கலாம். நான் போன ஒரு நாள் ஓர் அம்மா நண்டின் கொடுக்கை நூல் அறாமல் வலையிலிருந்து விடுவித்துக்கொண்டிருந்தார், விரல் போகும் வேகத்துக்குக் கண் போகவில்லை. பக்கத்தில் நின்ற பையன் "அண்ணே, வலைய மிதிக்காதீங்க" என்றான், அப்போதுதான் குனிந்து பார்த்தேன். மணல் நிறத்தில் வலை விரித்திருக்கும், பார்த்து நடங்கள். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள், அது அவர்கள் வீட்டு வாசல். மீன் வாங்கினால் விலை பேசலாம், சுத்தம் செய்து தருவதற்குத் தனிக் காசு.

அடையாற்று முகத்துவாரத்தில் உடைந்த பாலம் ஒன்று இருக்கிறது, படங்களில் அழகாகத் தெரியும். பகல் வெளிச்சத்தில் தூர நின்று பார்த்துவிட்டு வாருங்கள். இருட்டிய பிறகோ தனியாகவோ அந்தப் பக்கம் வேண்டாம், பாலத்தின் மேல் ஏறவே வேண்டாம்.

6. கோயில்களைப் பத்து மணிக்குள் முடியுங்கள்

கடற்கரைச் சாலையில் தெற்கே நடந்தால் முதலில் மாதா கோயில், அப்புறம் அஷ்டலட்சுமி கோயில், அதைத் தாண்டி அறுபடை வீடு முருகன் கோயில். எல்லாம் நடக்கிற தூரம். அஷ்டலட்சுமி கோயில் அடுக்கடுக்காக ஏறிப்போகிற அமைப்பு, உத்திரமேரூர் சுந்தரவரதர் கோயிலைப் பார்த்துக் கட்டியது, குறுகலான படிகள், பெரியவர்களை மெதுவாக ஏற்றுங்கள். சுற்றி வந்தால் கடல் தெரிகிற ஓர் இடத்தில் காற்று முகத்தில் அடிக்கும், அங்கே ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். அறுபடை வீட்டில் ஆறு சன்னிதியையும் கல்லிலேயே எழுப்பியிருக்கிறார்கள்.

மதியம் பன்னிரண்டு வாக்கில் நடை சாத்திவிட்டு நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். நான் மாட்டியது இங்கேதான். காலணி வைக்கும் இடத்துக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். அரைக்கால் சட்டையோடு கடலில் விளையாடிவிட்டு நேரே கோயிலுக்கு வருவது நன்றாக இருக்காது, அதற்குத்தான் மாற்றுத் துணி.

காலை உணவை இதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து நிலையத்தைச் சுற்றியும் இரண்டாவது அவென்யூவிலும் இட்லி, பொங்கல் கிடைக்கும் ஓட்டல்களுக்குக் குறைவில்லை. ஆளுக்கு நூறு, நூற்றைம்பதில் காபியோடு முடியும்.

7. வெயில் நேரத்தை என்ன செய்வது

பக்கத்தில் வீடு இருந்தால் போய்த் தூங்குங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன், மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு மாலை திரும்பி வருவதுதான் ஆகச் சிறந்த திட்டம்.

வெளியூரிலிருந்து வந்து அன்றே திரும்புகிறவர்களுக்கு இரண்டு இடம். ஒன்று திருவான்மியூரில் கலாக்ஷேத்ரா. பரதநாட்டிய வகுப்புகள் நடக்கும் வளாகம், மர நிழல், எதிர்ப் பக்கம் நெசவும் கைவினையும். வெளியாட்களை வார நாட்களில், அதுவும் காலை வேளையில், பள்ளி நடக்கும் காலத்தில் மட்டுமே விடுவார்கள். நுழைவுக் கட்டணம் உண்டு, வெளிநாட்டவருக்குக் கூடுதல். வகுப்புக்குள் படம் எடுக்கவோ பேசவோ கூடாது. இன்னொன்று அடையாற்றில் பிரம்மஞான சபை, அந்தப் பெரிய ஆலமரம் இருக்கும் தோட்டம். மூல மரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டது, விழுதுகள்தான் இப்போது மரமாக நிற்கின்றன. இரண்டுக்கும் முதல் நாளே போன் செய்து, நாளை திறந்திருக்கிறதா, எத்தனை மணிக்கு, எவ்வளவு, என்ன அட்டை என்று நாலு கேள்வியும் கேட்டுவிட்டுப் போங்கள். இணையத்தில் கிடக்கும் நேர அட்டவணைகளில் பாதி பழையவை.

கஃபேக்கள் இந்த நேரத்தில்தான் காலியாக இருக்கும். உட்காரும் முன் மெனுவின் விலையைப் பாருங்கள், அதில் போட்டிருப்பது வரி சேர்க்காத விலையாக இருக்கலாம். பில்லில் சேவைக் கட்டணம் என்று தனி வரி இருந்தால் அது கட்டாயமில்லை, எடுத்துவிடச் சொல்லலாம். எங்கள் 2,140இல் அதுவும் இருந்தது, தெரியாமல் கட்டினேன். இப்போது தெரியும்.

8. மாலை நாலரை, சாப்பாட்டு நேரம்

கடற்கரை மறுபடி உயிர்க்கும். பலூன் சுடுவது, ராட்டினம், சோளம், மிளகாய் பஜ்ஜி, மாங்காய்த் துண்டு போட்ட சுண்டல். பஜ்ஜி கண்ணெதிரே எண்ணெயிலிருந்து எடுக்கிற கடையில் வாங்குங்கள், போட்டு அடுக்கி வைத்திருப்பதை வேண்டாம். எண்ணெய் கறுத்திருந்தால் அடுத்த கடை.

மீன் வறுவல் கடைகள் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு போவது இங்கேதான். தட்டில் வஞ்சிரம், சங்கரா, இறால், நெத்திலி எல்லாம் சிவப்பு மசாலா பூசி வரிசையாக அடுக்கியிருக்கும், விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாலே நாக்கு ஊறும். விலைப் பலகை இருக்காது. "அக்கா, இது எவ்வளவு?" என்று கேட்டால் "சாப்டு தம்பி, பாத்துக்கலாம்" என்று வரும். அந்த "பாத்துக்கலாம்"தான் பொறி. நான் ஒரு தடவை பாத்துக்கலாம் என்று மூன்று துண்டு வஞ்சிரம் சாப்பிட்டுவிட்டு 750 ரூபாய் கொடுத்தேன், துண்டு என் உள்ளங்கையைவிடச் சின்னது. விரலை நீட்டி, இந்தத் துண்டு எவ்வளவு, இந்த மீன் முழுசாக எவ்வளவு என்று கேட்டு, பதில் எண்ணாக வந்த பிறகுதான் "போடுங்க" என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், பேரம் பேசுவதை எதிர்பார்த்துத்தான் விலையே சொல்கிறார்கள். சங்கரா முழு மீனாகக் கிடைக்கும், வஞ்சிரத்தைவிட மலிவு, என் நாக்குக்கு ருசியும் அதுதான்.

குதிரைச் சவாரிக்கும் இதே விதி, தூரத்தையும் விலையையும் முன்கூட்டியே பேசுங்கள். இரவு பத்து நெருங்கினால் போலீஸ் விசிலடித்துக் கூட்டத்தைக் கிளப்பிவிடும், அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

9. ஜனவரி முதல் மார்ச் வரை: ஆமை

இது எல்லா மாதத்துக்கும் இல்லை. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலத்தில், மாணவர்கள் நடத்தும் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு (SSTCN) 1988லிருந்து இரவு நடைக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறது, வார இறுதி இரவுகளில், நீலாங்கரைப் பக்கமிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் ஏழு கிலோமீட்டர். முன்பதிவு இல்லாமல் போக முடியாது, பதிவு திறந்ததுமே இடம் நிறைந்துவிடும், டிசம்பர் கடைசியிலிருந்தே அவர்கள் அறிவிப்பைக் கவனியுங்கள். விடியற்காலை வரை நடக்க வேண்டும். டார்ச், பிளாஷ் கூடாது. ஆமை வராமலும் போகலாம், நான் போன இரவு வரவில்லை, செத்து ஒதுங்கிய ஒன்றைத்தான் பார்த்தோம்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதைவிடக் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்ப்பது மேல். முட்டைகளை எடுத்துக் கடற்கரையிலேயே வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்து வைப்பார்கள், சுமார் 45 நாளில் குஞ்சு வரும், பெரும்பாலும் மாலையில் விடுவார்கள். கட்டணம் இல்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

10. திரும்புவது

கடற்கரை வாசலிலேயே நின்று வண்டி பிடிக்காதீர்கள். செயலியில் போட்டால் ஓட்டுநர் கூட்டத்துக்குள் வர மனமில்லாமல் ரத்து செய்வார், ஒன்று, இரண்டு, மூன்று என்று போகும். பேருந்து நிலையம் வரை நடந்து வந்து அங்கிருந்து போட்டால் உடனே கிடைக்கும், கட்டணமும் குறையும். ஒன்பதரைக்கு மேல் பேருந்துகள் குறைந்துவிடும், பெரம்பூர்ப் பக்கம் போகிறவர்கள் அதற்கு முன்பே நிலையத்தில் இருங்கள்.

இந்த ஜனவரியில் அண்ணன் குடும்பம் மறுபடி வந்தபோது இதே வரிசையில்தான் கூட்டிப் போனேன், போகவர, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஐந்து பேருக்கு ஆயிரத்து நூறு ஆனது. ஆட்டோவில் ஏறும் முன் பிள்ளைகளின் செருப்பைத் தட்டி, பேன்ட் மடிப்பை உதறிவிட்டு ஏற்றுங்கள். நாங்கள் மறந்துவிட்டோம், சின்னவன் பாக்கெட்டிலிருந்து மட்டும் ஒரு கைப்பிடி மணல் சீட்டில் கொட்டியது, ஆட்டோ அண்ணன் அடையாறு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தார்.